புள்ளி வைத்த ஆறு பெயர்கள்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பாங்கா, ஐம்பது செனிட்டி. ஹவேயா திருப்பித் தர வேண்டிய தொகை இது என்று ஒரு தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கொண்டுவந்திருந்தான் பெனிசிமானி.

"ஆயிரத்து எண்ணூறு புரியுது. புதுப் பாட்டு எழுத முன்பணம். இந்த நாப்பத்தாறரை எதுக்கு?" என்று கேட்டாள் கலோலைனே.

"கரும்பலகைக்குப் பெயின்ட். சாக்பீஸ் ரெண்டு டப்பா. ஒத்திகைக்கு வந்தவங்களுக்கு பிஸ்கட்."

"பிஸ்கட் தின்னவங்க வயித்துல இருக்கறத அவர்கிட்ட கேக்குறீங்களே, அது எந்த ஊர் நியாயம்?" என்றான் செமிசி.

அவன் கடைக்குள் மூலையில், தரையில் முதுகை நீட்டிப் படுத்திருந்தான். விடியற்காலையிலிருந்து கப்பலில் மாவு மூட்டை இறக்கியவன். நூற்று எண்பது மூட்டைக்குப் பிறகு மனிதனுக்கு முதுகு ஒன்று இருப்பதே ஒரு வழக்குப் போலத் தோன்றும். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே அண்ணி கடைக்கு வந்துவிடுவது அவன் வழக்கம். செத்துப்போன அண்ணன் விட்டுவிட்டுப் போனவை இரண்டு: டோங்காவின் தலைநகர் நூக்குஅலோஃபாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குப் பெட்டிக்குள் இந்தக் கடை, அதற்குள் இந்த அண்ணி. கலோலைனே போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பாள். அதைவிட, காணாமல் போனதைக் கண்டுபிடிப்பாள். பன்றி, மோதிரம், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை.

"எழுந்து உக்காருடா கொழுந்தனாரே. வந்திருக்கறது மாத்தாஃபோ கோயில் பாடகர் குழுவோட தலைவர்."

"தலைவர்னா படுத்தும் மரியாதை செய்யலாம் அண்ணி. நான் நெடுஞ்சாண்கிடையா இருக்கேன்."

பெனிசிமானி சிரிக்கவில்லை. மரியாதைக்காக இடுப்பில் கட்டிய பாயைச் சரிசெய்துகொண்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான். செத்த பல்லியை வைப்பது போல வைத்தான்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் எல்லா ஊர்ப் பாடகர் குழுக்களும் கூடிப் பாடப்போகிற மாநாடு. மாத்தாஃபோ ஊருக்கென்று தனியாக ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லி, ஊர்ப் பணத்தில் ஹவேயாவுக்கு முன்பணம் கொடுத்தார்கள். வேறு எந்த ஊரும் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது, பாடினால் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். பாட்டும் வந்தது. நல்ல பாட்டு. போன புதன்கிழமை பெனிசிமானி பஸ்ஸில் வரும்போது, பக்கத்து ஊரான ஹோலேவாவின் கோயில் கூடத்திலிருந்து அதே பாட்டு நாலு குரலில் கேட்டது.

"வித்துட்டார்" என்றான் பெனிசிமானி. "என் சொந்தச் சித்தப்பா. எனக்கு வாய் வரல சொல்றதுக்கு. ஆனா வித்துட்டார். கேட்டா 'பணத்தைத் தந்துடுறேன்'ங்கறார். வேற ஒரு வார்த்தை கிடையாது. சனிக்கிழமைக்குள்ள தரலைன்னா ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால பேரை வாசிப்போம். கோலை வேற ஒருத்தர்கிட்டக் கொடுப்போம்."

"பாடகர் குழுவுக்கு முப்பது வருஷமா கோல் பிடிச்ச மனுஷன்" என்றாள் கலோலைனே.

"அதான் வலிக்குது அக்கா. யாருக்கு வித்தார்னு மட்டும் எனக்குத் தெரியணும். உங்களுக்கு ஒரு கூடை பெருவள்ளிக் கிழங்கு."

"சாட்சி?"

"இதுக்குள்ள இருக்கு. குழுவோட பென் டிரைவ், இதுவரைக்கும் சித்தப்பா கையிலதான் இருந்துச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு எதையோ தேடப் போயி எதையோ அழுத்திட்டேன். மறைஞ்சு கிடந்ததெல்லாம் வெளியே வந்துடுச்சு. பயந்துட்டேன்."

கலோலைனே பென் டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். செமிசி எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஏழு பாட்டுக் கோப்புகள் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்கு மேலே, வெளிறிப்போன நிறத்தில், யாரும் வைக்காத ஆறு பெயர்கள். ஆறும் ஒரு புள்ளியில் தொடங்கின. நாலுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஐந்தாவதில் புள்ளிக்குப் பிறகு ஒரு கோடு, அதற்குப் பிறகு அந்தப் புதுப் பாட்டின் பெயரே.

"பார்த்தீங்களா? கள்ளப் பிரதி!" என்றான் பெனிசிமானி. "பாட்டு ஒண்ணு, அது பக்கத்துல ஒளிச்சு வச்ச பிரதி ஒண்ணு."

"இதோட அளவைப் பாருங்க. பாட்டு மூட்டை மாதிரி, இது மூட்டைக்குள்ள இருக்கற ஒரு பிடி. இவ்வளவுல நாலு குரல் அடங்காது."

"நசுக்கி வித்திருப்பாரோ என்னவோ" என்றான் செமிசி.

கலோலைனே நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு துண்டு மரவள்ளியை வாயில் போட்டாள். யோசிக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது.

"பெனிசிமானி, இது பேயும் இல்ல, பிரதியும் இல்ல. நம்ம ஊர்ல எல்லாரும் வச்சிருக்கறது விண்டோஸ். மேக்னு இன்னொரு ஜாதி இருக்கு. அந்த மேக்குல ஒரு பென் டிரைவைச் செருகினா, அது தனக்கு வேண்டிய குறிப்பையெல்லாம் இதுல எழுதி வச்சுட்டுப் போகும். எங்க எது இருக்கு, என்னிக்குத் தொட்டேன், என்ன தூக்கிப் போட்டேன்னு. அங்க பார்த்தா கண்ணுக்குத் தெரியாது. இங்க வந்தா தெரியும்."

"அதாவது?"

"கடற்கரையில நடந்துட்டு ஒருத்தன் உங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கான். பாயில மணல் கிடக்கு. அவ்வளவுதான். திருடன்னு மணல் சொல்லல. வந்தான்னு சொல்லுது."

பெனிசிமானியின் முகம் மாறியது. "அப்போ யாரோ வெளியாள்கிட்ட இது போயிருக்கு."

"போயிருக்கு. மேக் வச்சிருக்கற ஆள்கிட்ட."

"எங்க ஊர்ல யாரும் மேக் வச்சிருக்கல. அப்போ ஹோலேவாதான்!" மேசையைத் தட்டிவிட்டு எழுந்தான். "சனிக்கிழமை காலையில கூடத்துல குழு உக்காரும். பேரோட வாங்க."

அவன் போன பிறகும் கலோலைனே திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாவதைப் பார்த்தியா?" என்றாள்.

செமிசி குனிந்து பார்த்தான். புள்ளி, கோடு, பிறகு 'மாலோ' என்று ஒரே ஒரு சொல். நன்றி.

"அஞ்சாவதுக்குப் பக்கத்துல அதோட சொந்தக்காரன் இருக்கான், பாட்டு. இதுக்குச் சொந்தக்காரன் இல்ல. 'மாலோ'ன்னு ஒரு கோப்பு இதுல இருந்திருக்கு. மேக்குல எழுதினது. அப்புறம் யாரோ நம்ம ஊர் கம்ப்யூட்டர்ல அதை அழிச்சிருக்காங்க. உடம்பு போச்சு. நிழல் இங்கயே நின்னுபோச்சு. அழிச்சவருக்கு நிழல் இருக்கறதே தெரியாது."

"அழிச்சவர் ஹவேயா ஐயா."

"வா, போய்ப் பார்ப்போம்."

ஹவேயா வீட்டுக்குப் பின்னால், ஒரு மரச் சட்டத்தில் படகு மோட்டாரைத் தூக்கி மாட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, ஒல்லி, பெரிய காது. துடைக்கிற துடைப்பைப் பார்த்தாலே தெரிந்தது, அது வைத்துக்கொள்வதற்காகத் துடைக்கிற துடைப்பு அல்ல.

"விக்கப்போறீங்களாண்ணே?" என்று கேட்டாள் கலோலைனே.

"சனிக்கிழமை காலையில ஆள் வர்றான். ஆயிரத்து தொள்ளாயிரம் சொல்லியிருக்கான்."

"மோட்டார் போனா மீனுக்கு எப்படிப் போவீங்க?"

"துடுப்பு இருக்கு."

"துடுப்பு போட்டுப் பவளத் திட்டைத் தாண்டறதுக்குள்ள மீனுக்குப் பேரன் பொறந்துடும் ஐயா" என்றான் செமிசி.

ஹவேயாவின் வாயோரம் ஒரு கணம் அசைந்தது. சிரிப்பு வரப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"அண்ணே, யார் அந்த பென் டிரைவை வாங்கிட்டுப் போனது?"

"பணத்தைத் தந்துடுறேன்."

"நான் பணம் கேக்கல. ஒரு நன்றி எழுதியிருந்தாங்களே, அதை ஏன் அழிச்சீங்க?"

துணி நின்றது. மனிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார், ஏற்கனவே துடைத்த இடத்தையே.

"பணத்தைத் தந்துடுறேன்னு சொன்னேனே, கலோலைனே. இதோட விட்டுடும்மா."

வெளியே வந்ததும் செமிசி சொன்னான்: "குத்தவாளிதான் அண்ணி. கையும் களவுமா மாட்டின முகம்."

"களவு பண்ணினவன் மோட்டாரை விக்க மாட்டான். வித்த காசு கையில இருக்குமே."

செமிசி வழியில் கிடந்த தேங்காய் மட்டையை எட்டி உதைத்தான். "அதுவும் சரிதான்" என்று பிறகு ஒப்புக்கொண்டான். "அப்போ பாட்டை வாங்கினவன் காசே கொடுக்கல. வாங்கினவனுக்குத்தான் மூளை."

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் பஸ் ஏறி ஹோலேவாவுக்குப் போனார்கள். கலோலைனேயின் பைக்குள் அவளுடைய பழைய கம்ப்யூட்டரும், கழுவித் துடைத்த மாதிரி வெறுமையான இரண்டு பென் டிரைவ்களும் இருந்தன.

"திட்டம் என்ன?"

"மேக் வச்சிருக்கியான்னு யாரையும் கேக்கப் போறதில்ல. 'ஒரு படம் இதுல போட்டுக் கொடுங்க'ன்னு கேப்போம். வாங்கி நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்போம். மணல் ஒட்டியிருந்தா கடற்கரைக்காரன்."

"கப்பல்ல சுங்கக்காரன் இப்படித்தான். 'செருப்பைக் கழட்டுங்க, பாதம் வலிக்கும்'பான். கழட்டினா உள்ளே சிகரெட்."

முதலில் பள்ளிக்கூடம். அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து தொண்டு செய்ய வந்த கீத் என்ற வாத்தியார் இருந்தான். மாநாட்டுப் பாடல்களை வீடியோ எடுப்பவனும் அவன்தான். மேசைமேல் மடித்து வைத்திருந்த அவன் கம்ப்யூட்டரின் முதுகில், கடித்த ஆப்பிள் பளபளவென்று தெரிந்தது.

செமிசி அண்ணியின் விலாவில் இடித்தான். "முடிஞ்சுது கேஸ். கிழங்கை வேக வைக்கலாம்."

"வாத்தியாரே, பள்ளிக்கூடப் படம் ஒண்ணு இதுல போட்டுத் தர்றீங்களா?" என்றாள் கலோலைனே.

கீத் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தான். அவன் ஒன்றுக்குப் பதினாறு படம் போட்டான். கலோலைனே வராந்தாவில் உட்கார்ந்து தன் கம்ப்யூட்டரில் செருகினாள். பதினாறு படம். வெளிறிப்போன ஒரே ஒரு கோப்புப் பை. புள்ளி வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை.

"இந்தப் பை விண்டோஸ் விட்டுட்டுப் போறது. அதுக்கும் கால் இருக்கு, அதுலயும் மண் ஒட்டும். ஆனா இது வேற மண்."

"ஆப்பிள் இருக்கே அண்ணி, கண்ணால பார்த்தேனே!"

கீத் காது சிவந்து போனான். "அது… ஸ்டிக்கர்" என்றான் தன் அரைகுறை டோங்கன் பேச்சில். "பழைய கம்ப்யூட்டர். என் காதலி ஒட்டினா. கொஞ்சம் பெருமையா இருக்கட்டும்னு."

"கழுதைக்குக் குதிரைச் சேணம்" என்று முணுமுணுத்தான் செமிசி. "வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க, உங்களைக் கொஞ்ச நேரம் திருடன்னு மதிச்சுட்டேன்."

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, சேம்பு இலையில் பொதிந்து வேகவைத்த டின் இறைச்சியைப் பிரித்தார்கள். தேங்காய்ப்பால் விரலிடுக்கில் வழிந்தது. கூடத்திலிருந்து ஒத்திகை கேட்டது. அந்தப் பாட்டுத்தான். கீழ்க்குரல் ஏறுகிற இடத்தில் செமிசி மெல்லுவதையே நிறுத்திவிட்டான்.

"இப்படி ஒரு இடம் எழுதினதுக்கு மோட்டாரையே வித்தாலும் தகும்" என்றான்.

"நன்றி" என்றாள் கலோலைனே.

"எதுக்கு?"

"உனக்கு இல்ல. அந்தக் கோப்பு. யோசிச்சுப் பாரு. காசு கொடுத்து வாங்கறவன் நன்றி எழுதுவானா?"

"ரசீது கேப்பான்."

"சும்மா வாங்கினவங்கதான் நன்றி சொல்வாங்க. சரி. நம்ம ஜனங்க எப்படி நன்றி சொல்வாங்க?"

செமிசி பெருமூச்சு விட்டான். "எழுந்து நிப்பாங்க. இருமுவாங்க. தாத்தா காலத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. அரை மணி நேரம். நடுவுல அழுகை. போன மாசம் ஒரு டின் பிஸ்கட் கொடுத்ததுக்கு ஒருத்தர் நாப்பது நிமிஷம் நன்றி சொன்னார். பிஸ்கட் நமுத்துப் போச்சு."

"அப்படி இருக்கற ஊர்ல, இவ்வளவு பெரிய பாட்டைச் சும்மா வாங்கிட்டு, ஒரே ஒரு வார்த்தையை எழுதி, ஒரு பென் டிரைவுக்குள்ள போட்டு அனுப்பறவங்க யாரு? எழுந்து நின்னு நேருக்கு நேர் சொல்ல முடியாதவங்க. ஹவேயா அண்ணனோட ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து பேசக் கூடாதவங்க."

செமிசியின் கை இலையிலேயே நின்றது. இந்த நாட்டில் ஒரு ஆம்பிளை நேருக்கு நேர் வாயாடக் கூடாத, அவள் அறைக்குள் கால் வைக்கக் கூடாத, அவள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாத ஆள் ஒரே ஒருத்திதான்.

"அவருக்குக் கூடப் பிறந்தவ இருக்காளா?"

"அக்கா. முப்பது வருஷம் ஆக்லாந்துல இருந்தவங்க. புருஷன் செத்ததும் போன வருஷம் புருஷனோட ஊருக்கே வந்துட்டாங்க."

"புருஷன் ஊர் எது?"

கலோலைனே விரலை நக்கிவிட்டு, தாங்கள் உட்கார்ந்திருந்த தரையைச் சுட்டிக் காட்டினாள்.

ஹவேயாவின் அக்கா மெலனைத்தே வீட்டில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அவள் வாட்டசாட்டமான பெண். அறுபத்தாறு வயது, குரல் தாழ்ந்த குரல். வந்தவர்களை யார் என்றே கேட்காமல் பாயில் உட்காரவைத்து, தேங்காய்ப்பாலில் பிசைந்த தர்பூசணியைப் பெரிய கோப்பைகளில் கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்க பேரப்பிள்ளைங்க படம் ஒண்ணு இதுல போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டாள் கலோலைனே, வெறுமையான இரண்டாவது பென் டிரைவை நீட்டி.

செமிசிக்கே அது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது. பேரப்பிள்ளை படம் கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பாள்? மெலனைத்தே உள்ளே போய், மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரை எடுத்து வந்தாள். அதன் முதுகிலும் ஆப்பிள் இருந்தது. செமிசி சும்மா தடவிப் பார்ப்பது போல நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை.

படம் ஏறியது. கலோலைனே வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் பல்லைக் காட்டினார்கள். அவர்களுக்கு மேலே, வெளிறிப்போன நிறத்தில், அதே புள்ளி வைத்த பெயர்கள் வரிசையாக நின்றன.

அவள் திரையை மெலனைத்தே பக்கம் திருப்பினாள். பிறகு பெனிசிமானி கொடுத்த பென் டிரைவைச் செருகி, ஆறாவது பெயரைச் சுட்டிக் காட்டினாள்.

மெலனைத்தே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது நான் என் தம்பிக்கு எழுதினது. இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"அவர் அழிச்சுட்டார் அக்கா. நிழல் மட்டும் தங்கிப் போச்சு."

"ஏன் அழிக்கணும்?"

கலோலைனே சொன்னாள். முன்பணம், கையெழுத்து, புதன்கிழமை பஸ், சனிக்கிழமைக் கெடு, மோட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெரிய உடம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்குவது போல இருந்தது.

"எனக்குத் தெரியாதே" என்றாள் மெலனைத்தே. "ஹோலேவாக்காரங்க பன்றியும் பாயுமா இங்க வந்து உக்காந்தாங்க. 'உங்க தம்பிகிட்ட ஒரு பாட்டு கேட்டு வாங்கித் தாங்க'ன்னாங்க. புருஷன் ஊரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? மருமககிட்டச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்துடுச்சு. ஒரே நாள்ல எழுதிட்டானான்னு பெருமைப்பட்டேன். மேல் குரல்ல ரெண்டு இடம் திருத்திட்டு நன்றி எழுதித் திருப்பி அனுப்பினேன்."

"அவர் கையில வேற பாட்டு இல்ல" என்றாள் கலோலைனே. "அக்கா கேட்டாச்சு, இருந்ததைக் கொடுத்துட்டார்."

"வித்துட்டான்னு சொன்ன பழியை ஏத்துக்கிட்டானே. நான் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"அதுக்குத்தான் மோட்டாரை விக்கறார்."

செமிசி பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் வைத்தான். அங்கே ஒரு பழைய குடும்பப் படம். நடுவில் இளம்பெண்ணாக மெலனைத்தே. இடப்பக்கம் காது பெரிய பையன், ஹவேயா. வலப்பக்கம் அவர்களுக்கு மூத்தவன் ஒருவன், விறைப்பாக நின்றான். அந்த மூக்கை நேற்றுத்தான் எங்கோ பார்த்தோமே என்று செமிசி யோசித்தான்.

"இவர் யாரும்மா?"

"என் பெரியண்ணன். செத்துப் பத்து வருஷம் ஆச்சு."

"இவருக்குப் பிள்ளை…"

"ஒரே பையன். பெனிசிமானி. சின்ன வயசுல என் மடியில மூத்திரம் பேஞ்சவன். ஏன், பணம் கேட்டு என் தம்பியை விரட்டறது யாரு? பேரு சொல்லலையே நீங்க."

செமிசியும் கலோலைனேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செமிசிக்கு முதுகு வலி முழுவதும் போய்விட்டது போல இருந்தது. அத்தை! அப்பாவோடு கூடப் பிறந்தவள்! கல்யாணத்தில் முதல் பாயில் உட்காருபவள், இழவில் முதல் பங்கை எடுப்பவள், அண்ணன் மகன் வீட்டில் எதைத் தொட்டாலும் அது அவளுடையதாகிவிடுகிறவள். பெனிசிமானி தன் குடும்பத்தில் எந்த மனுஷிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார முடியாதோ, அவளைத்தான் திருடி என்று பிடித்துக் கொடுக்க ஒரு கூடைக் கிழங்கு பேசியிருந்தான்.

"அண்ணி," என்றான் செமிசி மிக மெதுவாக, "கிழங்கை இன்னிக்கே வாங்கிடுவோமா? நாளைக்குக் கிடைக்காது போலிருக்கே."

மெலனைத்தே எழுந்தாள். "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கூடறாங்க?"

சனிக்கிழமை மாத்தாஃபோ கூடத்தில் குழு வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருந்தது. தலைமை இடத்தில் பெனிசிமானி, மடியில் கணக்கு நோட்டு. ஹவேயா கதவோரம் இருந்தார். வெளியே பலா மரத்தடியில், மோட்டாரை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, வாங்க வந்த ஆள் காத்திருந்தான்.

"பேர் கிடைச்சுதா அக்கா?" என்று கேட்டான் பெனிசிமானி.

"கிடைச்சுது. சொல்லணுமா?"

"சபைக்கு முன்னால சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி. யாரா இருந்தாலும் விட மாட்டேன்."

"அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கலாம் தலைவரே" என்றான் செமிசி.

வாசலில் நிழல் விழுந்தது. ஹவேயாதான் முதலில் பார்த்தார். அக்கா உள்ளே வருவதைப் பார்த்ததும், மனிதர் அறுபது வயதில் ஆறு வயது போலத் துள்ளி எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வெளியே பலா மரத்தடிக்குப் போய்விட்டார்.

மெலனைத்தே இடுப்பில் பெரிய கிழிந்த துக்கப் பாயோடு கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். பெனிசிமானி எழுந்த வேகத்தில் நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம் விழுந்தது. தலைமை இடத்தை விட்டு நகர்ந்தான். இன்னும் நகர்ந்தான். சுவர் வந்ததால் நின்றான். அவள் தலைமை இடத்தில் உட்கார்ந்தாள்.

"பெனிசிமானி."

"அத்தை."

"பாட்டை நான்தான் எடுத்தேன். என் தம்பி விக்கல. என்ன விலை?"

கூடம் முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. கீழ்க்குரல் பாடுகிற ஒரு கிழவர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"அத்தை… நீங்க எடுத்ததுக்கு விலை எங்க இருக்கு?" என்றான் பெனிசிமானி தரையைப் பார்த்து. "உங்களுது தானே."

"கையெழுத்து வாங்கியிருக்கியாமே."

"வேற ஊர் பாடினா பணம்னுதான் எழுதியிருக்கு. அத்தை எடுத்தா பணம்னு எழுதல. அப்படி எழுதறதுக்கு எனக்கு எங்க தைரியம் இருக்கு?"

"கேக்க மறந்துட்டேன். மாநாட்டுக்குப் பாட்டு உங்களுக்கு வேணும்ல?"

பெனிசிமானி தலையாட்டினான்.

"நீங்களே பாடுங்க. நான் ஹோலேவாக்காரங்ககிட்டப் பேசிக்கறேன். அவங்களுக்கு என் தம்பி வேற ஒண்ணு எழுதிக் கொடுப்பான்." அவள் செமிசி பக்கம் திரும்பினாள். "தம்பி, வெளியே போய்ச் சொல்லு. செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும்னு. அப்படியே, அந்த மோட்டாரைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லு."

செமிசி ஓடினான். மரத்தடியில் சொன்னான். ஹவேயா கேட்டுவிட்டு, கையிரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து குனிந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமையா? நாளைக்கு ஞாயிறு, வேலை செய்யக் கூடாது. ஒரே ஒரு நாள்தானே இருக்கு!"

"முடியாதுன்னு சொல்லட்டுமா ஐயா?"

"யார்கிட்டப் போயி, என் அக்காகிட்டயா?" என்றார் ஹவேயா. மோட்டார் வாங்க வந்தவன் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கப்பா, இது விலைக்கு இல்ல" என்றார். அப்போதே அவர் விரல் தள்ளுவண்டியின் ஓரத்தில் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

செமிசி திரும்பி வந்தபோது பெனிசிமானி நோட்டைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ப் பணம் அத்தை. ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம். கணக்குல ஏதாவது எழுதியாகணும். வரவுன்னு எழுத முடியாது, வரல. கடன்னு விட முடியாது. என்னன்னு எழுதறது?"

"நடந்ததை எழுது" என்றாள் மெலனைத்தே.

அவன் எழுதினான். எழுதி முடித்து, தாளை ஊதிக் காயவைத்து, வட்டம் முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தான்:

"ஹவேயா தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பாங்கா, ஐம்பது செனிட்டி. அத்தை எடுத்துக்கொண்டார். பாக்கி இல்லை."